மாற்கு 16:8க்குப் பிறகு: கடைசி 12 வசனங்கள் பற்றி

ஜூன் 3, காலை 7.10 — கேள்வி

மாற்கு சுவிசேஷத்தின் கடைசி 12 வசனங்களை (16:9–20, உயிர்த்தெழுந்த இயேசு காட்சி தரும் பகுதி) புதிய மொழிபெயர்ப்புகளில் அடைப்புக்குள் தள்ளிவிட்டார்கள். கேட்டால் "மிகப் பழைய பிரதிகளில் இல்லை" என்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளில் இருப்பதை இரண்டே இரண்டு பிரதியில் இல்லை என்பதற்காகச் சந்தேகிப்பது என்ன நியாயம்? அந்த இரண்டும் யாரோ வெட்டிச் சிதைத்தவை என்று கூட்டத்தில் ஒரு சகோதரர் சொன்னார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 9.25

எண்ணிக்கை சரிதான். 16:9–20 உள்ள கிரேக்கப் பிரதிகள் 1600க்கும் மேல். எட்டாம் வசனத்தோடு நிற்கும் கிரேக்கப் பிரதிகள் மூன்று: வத்திக்கான் சுவடி, சினாய் சுவடி, பாரிசில் 304 என்ற எண்ணில் உள்ள ஒன்று. முதல் இரண்டும் 4ஆம் நூற்றாண்டு. மூன்றாவது 12ஆம் நூற்றாண்டு. அது விளக்கவுரையோடு சேர்த்து எழுதிய பிரதி, அதன் முடிவு முழுமையானதுதானா என்பதிலேயே தகராறு உண்டு. அதை இந்த வழக்கில் நான் சாட்சியாகக் கூப்பிடமாட்டேன்.

ஆனால் பிரதிகளைத் தலை எண்ணித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே பிரதியிலிருந்து 500 நகல் எடுத்தாலும் சாட்சி ஒன்றுதான். அந்த 1600இல் பெரும்பாலானவை 9ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, பைசாந்தியத் திருச்சபையின் வட்டாரத்தில் எழுதப்பட்டவை. அவை ஒன்றையொன்று ஒத்துப்போவதில் வியப்பில்லை. கேட்க வேண்டியது வேறு. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு மொழியில், ஒருவரையொருவர் அறியாத எழுத்தர்கள் எட்டாம் வசனத்துக்கு வந்ததும் பேனாவை என்ன செய்தார்கள்? இதற்குப் பதில் சுவடிப் பக்கங்களிலேயே கிடக்கிறது. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜூன் 3, இரவு 11.50

முன்கூட்டியே ஒன்று. "4ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய பப்பைரஸ் (நாணல் தாள்) ஏடுகளைப் பார்த்தால் தீர்ந்ததே" என்று யாராவது கேட்பார்கள். பார்க்க வழியில்லை. மாற்கு எழுதிய சுவிசேஷத்தைக் கணிசமாகக் கொண்ட மிகப் பழைய பப்பைரஸ், செஸ்டர் பீட்டி தொகுப்பில் உள்ள 45ஆம் எண் ஏடு. 3ஆம் நூற்றாண்டு. அதில் மாற்கு 4ஆம் அதிகாரத்திலிருந்து 12ஆம் அதிகாரம் வரைதான், அதுவும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. 137ஆம் எண்ணில் முதல் அதிகாரத்தின் சிறு துண்டு ஒன்று. 16ஆம் அதிகாரத்துக்குக் கிரேக்கப் பப்பைரஸ் சாட்சியே கிடையாது. ஆகவே நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கிரேக்கப் பக்கங்கள் அந்த இரண்டு தோல்சுவடிகள்தான்.

ஜூன் 4, மாலை 6.40

வத்திக்கான் சுவடி. வத்திக்கான் நூலகத்தின் இணையதளத்தில் கிரேக்கச் சுவடி 1209 என்று தேடி, 1303ஆம் பக்கத்தைத் திறங்கள். கிரேக்கம் தெரிய வேண்டாம், கண் போதும்.

பக்கத்துக்கு மூன்று பத்தி, செய்தித்தாளில் இருப்பதுபோல. ஒரு பத்திக்கு 42 வரி. வரிக்கு 16 முதல் 18 எழுத்து. இந்தச் சுவடியின் எழுத்தர் ஒரு புத்தகம் முடிந்ததும் அடுத்த பத்தியின் தலையில் அடுத்த புத்தகத்தைத் தொடங்குவார். தோல் விலை அதிகம், ஆகவே வீணாக்குவதில்லை. மாற்கு நடுப்பத்தியில் 31ஆம் வரியில் முடிகிறது. வழக்கப்படி மூன்றாம் பத்தியில் லூக்கா தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. முழுப் பத்தியும் வெறுமையாக இருக்கிறது. லூக்கா பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் வருகிறது.

புதிய ஏற்பாடு முழுவதிலும் இப்படி விட்ட பத்தி இது ஒன்றே. பழைய ஏற்பாட்டில் இன்னும் சில உண்டு. அவற்றுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: ஓரிடத்தில் சங்கீதத்துக்காக மூன்று பத்தி இரண்டாக மாறுகிறது, ஓரிடத்தில் எழுத்தர் மாறுகிறார், ஓரிடத்தில் பழைய ஏற்பாடே முடிகிறது. மாற்குவின் முடிவில் இந்தக் காரணம் எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுப்பத்தியில் மிச்சம் 11 வரி, மூன்றாம் பத்தி 42 வரி, மொத்தம் 53. வரிக்கு 17 எழுத்து என்றால் 901. 9–20 வசனங்களுக்குக் கிரேக்கத்தில் ஏறத்தாழ 950 முதல் 970 எழுத்து வேண்டும்; "கர்த்தர்", "இயேசு" போன்றவற்றைச் சுருக்கி எழுதும் முறையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். கொஞ்சம் நெருக்கி எழுதினால் அடங்கும், வழக்கமான இடைவெளியில் எழுதினால் அடங்காது.

இதிலிருந்து சிலர் "அவருக்கு 12 வசனமும் தெரியும், இடம் விட்டு வைத்தார்" என்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஆனால் உறுதியாக அடித்துச் சொல்ல முடியாது. அவர் மனதில் இருந்தது குறுகிய முடிவாகவும் இருக்கலாம் (அதைப் பிறகு சொல்கிறேன்). உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: அவர் பார்த்து எழுதிய மூலப்பிரதியில் அந்த வசனங்கள் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பார். "வெட்டினார்கள்" என்ற குற்றச்சாட்டு இந்தப் பக்கத்தின் முன் நிற்காது. வெட்டுகிறவன் வெட்டிய இடத்தை அடையாளம் காட்டி வைக்கமாட்டான்.

ஜூன் 4, இரவு 10.15

சினாய் சுவடி இன்னும் சிக்கலானது. பக்கத்துக்கு நான்கு பத்தி, பத்திக்கு 48 வரி. இதுவும் இணையத்தில் முழுமையாக இருக்கிறது. லண்டனில் 347 இதழ்கள், லைப்சிக்கில் 43, மீதி சினாய் மடத்திலும் பீட்டர்ஸ்பர்க்கிலும்.

தோல்தாளை நடுவில் மடித்தால் இரண்டு இதழ், நான்கு பக்கம். இப்படி நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் எட்டு இதழ் கொண்ட ஒரு கட்டு. பைண்டிங் கடையில் ஃபாரம் என்பார்களே, அதுதான். மாற்கு முடியும் கட்டில் நடுத்தாள் மட்டும் வேறு எழுத்தரின் கையெழுத்து. அதாவது முதலில் எழுதிய தாளை உருவி எடுத்துவிட்டு, பிழைதிருத்தும் பொறுப்பில் இருந்தவர் புதுத்தாளில் திருப்பி எழுதிச் செருகியிருக்கிறார். அந்தத் தாளில் மாற்கு 14:54 முதல் லூக்கா 1:56 வரை. 16 பத்தி.

இதைக் கேட்டதும் பலருக்கு "ஆகா, பழைய தாளில் 12 வசனமும் இருந்தது, தூக்கிவிட்டார்கள்" என்று தோன்றும். இடத்தை அளந்தால் அது பொருந்தவில்லை. உருவிய தாளின் முன்னும் பின்னும் உள்ள தாள்கள் பழையவைதான். ஆகவே புதுத்தாள் 14:54இல் தொடங்கி லூக்கா 1:56இல் முடிந்தே தீர வேண்டும். பழைய எழுத்தரின் வழக்கமான நெருக்கத்தில் எழுதினால் 12 வசனத்தையும் சேர்த்து அந்த 16 பத்திக்குள் அடக்க முடியாது. பழைய தாளில் ஏதோ ஒரு பகுதி விடுபட்டோ இரண்டு முறை எழுதப்பட்டோ இருக்க வேண்டும். பார்த்து எழுதுகிறவர் ஒரே சொல்லில் முடியும் இரண்டு வரிகளுக்கிடையே கண் தாவிவிடுவது மிகச் சாதாரணமான பிழை.

புதுத்தாளில் லூக்கா பகுதி மிக நெருக்கமாக இருக்கிறது. மாற்கு பகுதியின் கடைசிப் பத்திகளோ தளர்வாக, எழுத்துகளை விரித்து எழுதியவை. அப்படி விரித்ததால்தான் மாற்குவின் கடைசிச் சில வரிகள் பத்தாம் பத்திக்குள் நீண்டன. இல்லையென்றால் ஒன்பதாம் பத்தியிலேயே முடிந்து, பத்தாம் பத்தி வத்திக்கான் சுவடியில் இருப்பதுபோல வெறுமையாகக் கிடந்திருக்கும். முடிந்த இடத்தில் ஒரு கொடிப்பூ அலங்காரம் வரைந்து, "மாற்குவின்படி சுவிசேஷம்" என்று எழுதி மூடியிருக்கிறார். "இங்கே முடிந்தது, எதுவும் விடுபடவில்லை" என்று அழுத்திச் சொல்வதுபோல. இப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் வந்ததே, வேறு முடிவும் புழக்கத்தில் இருந்தது அவருக்குத் தெரிந்ததால் என்று வாதிடுவோர் உண்டு. வலுவான வாதம்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த மாற்றுத்தாளை எழுதியவரும் வத்திக்கான் சுவடியின் எழுத்தர் ஒருவரும் ஒரே ஆள் என்று, சினாய் சுவடியைப் பதிப்பித்த ஜெர்மன் அறிஞர் டிஷன்டார்ஃப் கருதினார். ஒரே ஆள் இல்லாவிட்டாலும் ஒரே எழுத்துக்கூட மரபு என்று பின்னால் வந்தவர்கள் சிலர் ஏற்றார்கள். ஆகவே இரண்டையும் முற்றிலும் தனித்தனிச் சாட்சி என்று எண்ணக் கூடாது. கேள்வி கேட்ட சகோதரர் இதைப் பிடித்துக்கொள்ளலாம், நியாயமான பிடிதான்.

ஜூன் 5, காலை 8.05

அப்படியானால் கிரேக்கத்தை விட்டு வெளியே போவோம்.

சிரியாக் மொழி: சினாய் மடத்தில் 1892இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் கண்டெடுத்த அழித்தெழுது சுவடி. பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே பெண் புனிதர்களின் வரலாறுகளை எழுதியிருந்தார்கள். அடியில் நான்கு சுவிசேஷங்கள். மாற்கு 16:8இல் முடிந்து, உடனே லூக்கா தொடங்குகிறது. பழைய சிரியாக்கின் இன்னொரு சுவடியான கியூரட்டன் சுவடியில் மாற்கு முழுவதும் போய்விட்டது, மிஞ்சியது 16:17–20 மட்டும்! நாலே வசனம்தான் தப்பியது, அதுவும் சரியாக நம் வழக்கின் நடுவிலிருந்து. ஆக, ஒரே மொழியின் பழைய மொழிபெயர்ப்பு இரண்டு பக்கமும் நிற்கிறது.

சாஹிதிக் காப்டிக் (பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழி வழக்கு): பார்சலோனாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுச் சுவடி 16:8இல் முடிகிறது.

ஜார்ஜிய மொழி: நாள் குறித்த பழைய சுவடிகளான அடிஷி (897), ஓபிசா (913) இரண்டும் 16:8.

அர்மீனியம்: 1937இல் கால்வெல் என்ற அறிஞர் 220 சுவடிகளை ஆராய்ந்தார். அவற்றில் நூறுக்குச் சற்றே குறைவானவை எட்டோடு நிற்கின்றன. "இரண்டே இரண்டு பிரதி" என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

அர்மீனியச் சுவடிகளில் ஒன்று தனிக் கதை. 989ஆம் ஆண்டு எழுதியது. எட்ச்மியட்சின் சுவிசேஷம் என்பார்கள், தந்த அட்டை போட்டது. அதில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே "மூப்பர் அரிஸ்டோனுடையது" என்று இரண்டு சொல் எழுதியிருப்பதை 1891இல் கொனிபேர் என்ற ஆங்கில அறிஞர் கவனித்தார். 12 வசனத்தின் ஆசிரியர் பெயரே கிடைத்துவிட்டது என்று அன்று பெரிய பரபரப்பு. 2ஆம் நூற்றாண்டு ஆயர் பாப்பியா குறிப்பிடும் அரிஸ்டியோன்தான் இவர் என்றார்கள். ஆனால் முதல் நூற்றாண்டு விஷயத்துக்கு 10ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. அதை எழுதியவருக்கு இந்தப் பகுதி மாற்குவினுடையது அல்ல என்ற நினைவு இருந்தது. அந்த அளவுக்கு மட்டும் பயன்படும்.

ஜூன் 5, இரவு 9.30

லத்தீன் விட்டுப்போயிற்று. துரின் நூலகத்தில் உள்ள பொபியோ சுவடி, 4ஆம் அல்லது 5ஆம் நூற்றாண்டு, வட ஆப்பிரிக்கப் பழைய லத்தீன். உலகத்தில் இதுபோல் இன்னொன்று இல்லை: 9–20 இல்லை, ஆனால் எட்டோடும் நிற்கவில்லை. "குறுகிய முடிவு" என்பது மட்டும் இருக்கிறது. பொருள் இது: பெண்கள் தங்களுக்குச் சொல்லப்பட்டதையெல்லாம் பேதுருவுக்கும் அவரோடிருந்தவர்களுக்கும் சுருக்கமாக அறிவித்தார்கள், அதன்பின் இயேசு தாமே கிழக்கிலிருந்து மேற்குவரை, நித்திய இரட்சிப்பின் பரிசுத்தமும் அழியாததுமான செய்தியை அவர்கள் மூலமாக அனுப்பினார்.

இதில் கவனிக்க வேண்டியது தையல் வேலை. எட்டாம் வசனம் "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை" என்று முடிகிறது. அடுத்த வரி "எல்லாவற்றையும் அறிவித்தார்கள்" என்றால் இடிக்கும். ஆகவே பொபியோ சுவடியில் "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை" என்பது காணவில்லை. முடிவைச் சேர்க்கப்போய், சேர்ந்த இடத்தை இழைக்க வேண்டி வந்திருக்கிறது. உள்ளதை வெட்டியதற்கான தடயம் இந்த வழக்கு முழுவதிலும் இருக்கிறதென்றால் அது இங்கேதான். அதுவும் வெட்டப்பட்டது எட்டாம் வசனம், ஒன்பது முதல் இருபது அல்ல.

ஜூன் 6, பகல் 1.20

நடுவில் ஒருவர் "அப்படியானால் 12 வசனமும் மத்தியகாலத் துறவிகள் புகுத்தியது" என்று எழுதியிருக்கிறார். அதுவும் தப்பு. லியோன் நகர ஆயர் ஐரேனியஸ், ஏறக்குறைய கி.பி. 180இல், "மாற்கு தன் சுவிசேஷத்தின் முடிவில் சொல்கிறார்" என்று 16:19ஐ அப்படியே எடுத்தாள்கிறார். தாத்தியான் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றாகப் பின்னி டயடெஸ்ஸரான் அமைத்தது 170 வாக்கில்; அதிலும் இந்தப் பகுதி இருந்தது. வத்திக்கான் சுவடி எழுதப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, பிரான்சின் தென்பகுதிவரை இந்த முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆக, இரண்டு விஷயத்தையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். 12 வசனங்கள் மிகப் பழையவை, 2ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை அல்ல. மாற்கு எழுதியவையும் அல்ல. ஒரு பக்கத்தார் முதலாவதை மறைக்கிறார்கள், மறுபக்கத்தார் இரண்டாவதை.

ஜூன் 6, இரவு 10.45

மாற்கு எழுதவில்லை என்பதற்குச் சுவடி எதுவும் வேண்டாம், தமிழ் வேதாகமமே போதும். 16:1–8ஐயும் 16:9–11ஐயும் அடுத்தடுத்து உரக்க வாசியுங்கள்.

எட்டு வரை பேச்சு பெண்களைப் பற்றி. ஒன்பதில் அந்தப் பெண்கள் காணாமல் போகிறார்கள். பயந்து ஓடியவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் சொல்வதில்லை. மகதலேனா மரியாள் 15:40, 15:47, 16:1 மூன்றிடத்திலும் வந்துவிட்டாள். ஒன்பதில் அவளை முதல்முறை அறிமுகப்படுத்துவதுபோல "அவளிடத்திலிருந்து அவர் ஏழு பிசாசுகளைத் துரத்தியிருந்தார்" என்று வருகிறது. "அதிகாலை, வாரத்தின் முதல் நாள்" என்று காலம் மீண்டும் சொல்லப்படுகிறது. கிரேக்கத்தில் ஒன்பதாம் வசனத்தில் இயேசுவின் பெயரே இல்லை, "எழுந்தபின்" என்று மட்டும் தொடங்குகிறது. வேறெங்கோ இருந்த ஒரு பட்டியலின் தொடக்கத்தை எடுத்து ஒட்டியதுபோல. நம் பழைய மொழிபெயர்ப்பு "இயேசு" என்று சேர்த்துக்கொண்டதால் ஒட்டு தெரிவதில்லை.

இன்னும் முக்கியம்: 14:28இல் இயேசுவும் 16:7இல் கல்லறையில் இருந்த வாலிபனும் இயேசு கலிலேயாவுக்கு முன்னே போவதைச் சொல்கிறார்கள்; "அங்கே காண்பீர்கள்" என்றும் வாலிபன் சேர்க்கிறான். இரண்டு முறை சொன்ன வாக்கு. 12 வசனத்தில் கலிலேயா இல்லவே இல்லை.

9–11 யோவான் 20இல் உள்ளது. 12–13 எம்மாவு வழி, லூக்கா 24. 15–16 மத்தேயு 28ஐ ஒட்டியது. பாம்பு பற்றியது அப்போஸ்தலர் 28இல் மெலித்தா தீவில் பவுலின் கையைக் கவ்விய விரியனை நினைவூட்டுகிறது. விஷம் குடிப்பது மட்டும் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இல்லை. ஆனால் யுஸ்து பர்சபா விஷம் குடித்தும் சேதமில்லாமல் இருந்ததாகப் பாப்பியா சொன்னதை 4ஆம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிந்திருக்கிறார். மற்ற சுவிசேஷங்களை அறிந்த ஒருவர், பயத்தோடு அறுந்து நிற்கும் கதைக்கு ஒரு முடிவு தொகுத்துக் கொடுத்திருக்கிறார். ஏமாற்றும் நோக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உயிர்த்தெழுந்தவரைப் பார்க்காமல் புத்தகத்தை மூட அவருக்கு மனம் வரவில்லை.

ஜூன் 7, காலை 7.30

பழைய சபைப் பிதாக்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்கள். யூசேபியஸ் வெளிப்படையாகவே பேசுகிறார். மரினு என்பவர் அவரிடம் கேட்கிறார்: உயிர்த்தெழுதலின் நேரம் மத்தேயுவில் ஒரு மாதிரியும் மாற்கு 16:9இல் ஒரு மாதிரியும் இருக்கிறதே? யூசேபியஸ் இரண்டு வழி தருகிறார். ஒன்று, துல்லியமான பிரதிகள் எட்டாம் வசனத்தோடு முடிகின்றன, ஏறக்குறைய எல்லாப் பிரதியிலும் முடிவு அங்கேதான் என்று சொல்லி விட்டுவிடலாம். இரண்டு, ஒன்பதாம் வசனத்தையும் ஏற்று, நிறுத்தி வாசிக்கும் இடத்தை மாற்றினால் முரண் தீரும். அவருடைய நூலகம் செசரியாவில் இருந்தது. பார்த்த பிரதிகள் ஏராளம். நான்கு சுவிசேஷங்களையும் சிறு பகுதிகளாக எண்ணிட்டு ஒப்பிட அவர் தயாரித்த ஒப்புமை அட்டவணையில் மாற்குவின் கடைசிப் பகுதி எண் 233, அது 16:8. பிற்காலப் பிரதிகளில் யாரோ 241 வரை நீட்டியிருக்கிறார்கள். பழைய சுவிசேஷச் சுவடியின் ஓரத்தில் இந்த எண்ணைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும்.

ஜெரோம் தன் கடிதம் ஒன்றில் யூசேபியஸ் சொன்னதையே ஏறக்குறையத் திருப்பிச் சொல்கிறார். ஆனால் தன் லத்தீன் பதிப்பில் 12 வசனத்தையும் விட்டுவிடவில்லை. அறிஞராக ஒன்று, ஜெபவீட்டில் காலங்காலமாக வாசித்துவந்தது இன்னொன்று.

ஜூன் 7, இரவு 8.50

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் பாரிசில் உள்ள எல் என்ற 8ஆம் நூற்றாண்டுச் சுவடி. எட்டாம் வசனம் முடிந்ததும் எழுத்தர் ஒரு குறிப்பு எழுதுகிறார்: சில இடங்களில் இதுவும் வழங்குகிறது. குறுகிய முடிவைத் தருகிறார். பிறகு இன்னொரு குறிப்பு: "பயந்திருந்தார்கள்" என்பதற்குப் பின் இதுவும் வழங்குகிறது. 9–20ஐத் தருகிறார். இரண்டையும் கொடுத்து, தீர்ப்பை வாசகரிடம் விட்டுவிட்டார். ஆதோஸ் மலையில் உள்ள ப்சை சுவடியிலும் இன்னும் சிலவற்றிலும் இதே இரட்டை முடிவு, இதே வரிசை: குறுகியது முதலில். நீண்டது மட்டுமே பழக்கமான ஊரில் யாரும் குறுகியதை முன்னால் போடமாட்டார்கள்.

பாசல் நகரில் உள்ள 1ஆம் எண் சுவடி 12ஆம் நூற்றாண்டு. அதிலும் குறிப்பு: சில பிரதிகளில் சுவிசேஷகர் இங்கே முடிக்கிறார், யூசேபியஸ் வகுத்ததும் இதுவரைதான், பலவற்றில் இதுவும் உண்டு. ஆயிரத்து அறுநூறில் இதுவும் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். தலை எண்ணும்போது "உண்டு" பக்கம் விழுகிற பிரதி, ஓரத்தில் சந்தேகத்தையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறது.

ஜூன் 8, பகல் 12.15

முடிவுகள் மொத்தம் எத்தனை என்று கேட்டவருக்கு: எட்டோடு நிற்பது, குறுகியது மட்டும், இரண்டும் சேர்ந்தது, நீண்டது. அதோடு ஐந்தாவது ஒன்று வாஷிங்டனில். 1906இல் சார்லஸ் ஃபிரீர் எகிப்தில் வாங்கிய சுவடி. அதில் 14ஆம் வசனத்துக்குப் பிறகு கூடுதலாக ஒரு பகுதி: அவிசுவாசத்தைக் கண்டித்தபோது சீஷர்கள் "இந்த அக்கிரம யுகம் சாத்தானுக்குக் கீழ் இருக்கிறது" என்று சாக்குச் சொல்கிறார்கள், சாத்தானுடைய அதிகாரத்தின் ஆண்டுகள் நிறைவேறிவிட்டன என்று கிறிஸ்து பதில் சொல்கிறார். இதன் தொடக்கத்தை ஜெரோம் லத்தீனில் எடுத்துக்காட்டியிருந்தார், ஆனால் கிரேக்கத்தில் முழுவதும் உள்ள பிரதி இது ஒன்றே. சேர்க்கப்பட்ட முடிவுக்கும் ஒருவர் சேர்க்கை எழுதியிருக்கிறார்.

ஜூன் 8, இரவு 10.00

எதிர்வாதத்தில் மிகச் சிறந்தது பர்கன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞருடையது. இந்த 12 வசனத்துக்காக 1871இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் வாதம்: ஆராதனையில் வாசிக்கும் பகுதி எங்கே முடிகிறது என்று காட்ட எழுத்தர்கள் ஓரத்தில் "முடிவு" என்று குறிப்பார்கள். 16:8இல் ஒரு வாசகம் முடிந்து ஒன்பதில் அடுத்தது தொடங்குகிறது. கிரேக்கச் சபையில் 9–20 காலை ஆராதனையின் பதினோரு உயிர்த்தெழுதல் வாசகங்களில் மூன்றாவது. எட்டில் இருந்த "முடிவு" என்ற குறிப்பைப் புத்தகமே முடிந்ததாக யாரோ எடுத்துக்கொண்டார் என்கிறார்.

பிழை நேரும் விதம் நம்பத்தக்கது. அப்படித்தான் எழுத்தர்கள் தவறுகிறார்கள். சிக்கல் காலத்தில் இருக்கிறது. அந்த வாசக முறை நிலைபெற்று ஓரக்குறிப்புகள் பரவியது யூசேபியஸுக்குப் பின்பு. அவருக்கு முன்பே பிரதிகள் எட்டோடு நிற்கின்றன.

"கடைசி இதழ் கிழிந்து போயிருக்கலாமே" என்பதற்கு: சுருளாக இருந்தால், படித்து முடித்துத் திருப்பிச் சுற்றியபின் முடிவுப் பகுதி உள்ளே பத்திரமாக இருக்கும், தேய்வது தொடக்கம்தான். ஒரே கட்டாக மடித்துத் தைத்த புத்தகமாக இருந்தால் கடைசி இதழும் முதல் இதழும் ஒரே தாளின் இரு பாதி. ஒன்று போனால் மற்றதும் போகும். அதனால்தான் மாற்குவின் தொடக்கமும் தொலைந்தது என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மாற்கு எட்டில் வேண்டுமென்றே நிறுத்தினாரா, மேலே எழுதியது தொலைந்ததா என்பதற்குச் சுவடிகளில் விடை கிடையாது. அவை சொல்வது, 9–20 பிற்பாடு வந்து சேர்ந்தது என்பது வரைதான்.

ஜூன் 9, மாலை 5.30

"இதெல்லாம் படித்தவர்கள் விளையாட்டு, விசுவாசிக்கு என்ன" என்று ஒருவர். விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சபைகள் சில, 16:18ஐ நேரடிக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஆராதனையில் விஷப்பாம்பைக் கையில் பிடிக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னசியில் இதைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி, 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். கென்டக்கி 1940இலும் டென்னசி 1947இலும் சட்டம் போட்டுத் தடுத்தன. பக்கத்தின் அடியில் ஒரு வரிக் குறிப்பு இருந்திருந்தால் அவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறிப்பைப் பெற அவர்களுக்கு உரிமை இருந்தது.

ஜூன் 10, இரவு 9.10

கத்தோலிக்க நண்பர் கேட்டதற்கு: 1546இல் திரெந்து பொதுச்சங்கம் புத்தகங்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்றது. அதனால் உங்கள் திருச்சபையில் 9–20 திருமறைதான். யார் எழுதியது என்பது தனிக் கேள்வி. இரண்டையும் குழப்ப வேண்டியதில்லை.

யோவான் 7:53–8:11, அந்த விபசாரப் பெண் கதையும் இதே வகைதானா என்றால், ஓரளவு. அங்கே சாட்சி இன்னும் மெலிவு: கிரேக்கத்தில் அதைக் கொண்ட மிகப் பழைய சுவடி 5ஆம் நூற்றாண்டின் பெசா சுவடி. கதை இடமும் மாறுகிறது. ஒரு சுவடிக் குடும்பம் அதை லூக்கா 21:38க்குப் பின் வைக்கிறது. 225 எண் சுவடி யோவான் 7:36க்குப் பின். மேலே சொன்ன எல் சுவடி அங்கே எழுதாமல் வெற்றிடம் விட்டுப் போகிறது. மாற்குவில் இரண்டு முடிவும் தந்த அதே கவனமான கை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

ஜூன் 12, காலை 6.50

முதலில் கேட்ட சகோதரர் "அப்படியானால் தமிழில் எப்படி அச்சிட வேண்டும்" என்கிறார். வசனங்களை எடுக்கக் கூடாது. ஆங்கிலத் திருத்தப் பதிப்பு ஒன்று 1946இல் அவற்றை அடிக்குறிப்புக்குத் தள்ளி, 1971இல் மீண்டும் மேலே கொண்டுவந்தது. 2ஆம் நூற்றாண்டிலிருந்து சபை வாசித்ததைச் சின்ன எழுத்தில் அடியில் போடுவது சரியல்ல. அடைப்புக்குறியும் போதாது, அது என்னவென்று சொல்லாமல் சந்தேகத்தை மட்டும் கிளப்புகிறது. உங்களுக்குக் கோபம் வந்ததே அதனால்தான். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு வரி இடைவெளி. அடியில் இப்படி: "சில பழைய கிரேக்கச் சுவடிகளும், பழைய சிரியாக், காப்டிக், அர்மீனிய, ஜார்ஜியச் சுவடிகள் பலவும் 8ஆம் வசனத்தோடு முடிகின்றன. 9–20 கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவருகிறது. சில சுவடிகளில் வேறொரு குறுகிய முடிவு உண்டு." கூடவே அந்தக் குறுகிய முடிவையும் முழுதாகத் தர வேண்டும்.

ஜூன் 12, காலை 7.20

"பல" என்பதை ஜார்ஜியத்துக்கும் காப்டிக்குக்கும் சேர்த்துப் படிக்க இடம் இருக்கிறது. அது அர்மீனியத்துக்குத்தான் பொருந்தும். "பழைய சிரியாக், காப்டிக், ஜார்ஜியச் சுவடிகள் சிலவும், அர்மீனியச் சுவடிகள் பலவும்" என்று மாற்றி வாசிக்கவும்.